பழங்காசுத் தேடலில் உலோகங்காட்டி: இங்கிலாந்து நடைமுறையும் நம் நோக்கும்

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்சன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு உழவர் ஒருவர் தம் வயலில் சுத்தியலொன்றைத் தொலைத்துவிட்டார். அதனைத் தேடித் தருமாறு நண்பர் எரிக் லாஸ் என்பவரை வேண்டினார். அவரும் தமது உலோகங்காட்டியுடன் 1992ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அவ்வயலில் இறங்கினார். கருவி ஒலித்த இடத்தில் கிடைத்தவை உரோமானியர் காலத்துப் பொன், வெள்ளிக் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் ஆகும். அவர் முழுவதையும் தோண்டி எடுத்துச் செல்லவில்லை. வேலையை நிறுத்திவிட்டு உரியவர்களுக்கு அறிவித்தார். மறுநாளே தொல்லியலார் வந்து முறைப்படி அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 காசுகளும் 200 அளவிலான பொன், வெள்ளிப் பொருள்களும் வெளிப்பட்டன. அவை கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதைக்கப்பட்டவை. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

இப்புதையலில் தமிழ் மாணவர் கவனிக்கத்தக்க பொருள் ஒன்று உண்டு. வெள்ளியாற் செய்யப்பட்ட நான்கு மிளகுச் சிமிழ்கள் அதிலிருந்தன. அவற்றுள் ஒன்று அரசியொருத்தியின் மார்பளவு உருவமாக வார்க்கப்பட்டது. அடியிலுள்ள தகட்டைத் திருப்பினால் பொடித்த மிளகு கொட்டும்; மீண்டும் திருப்பினால் மூடிக்கொள்ளும். அந்நாளில் உரோமானியருக்கு மிளகு சென்ற நிலம் சேரநாட்டு மேற்குக் கடற்கரையே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முசிறித் துறையில் பொன்னொடு வந்து மிளகொடு பெயர்ந்த யவனர் கலங்களைச் சங்கப் பாடல்களில் கற்பிக்கும் நாம், அம்மிளகு பேரரசின் வடமேற்கு எல்லையிலிருந்த ஒரு செல்வர் வீட்டு உணவு மேசைவரை சென்றதற்கான சான்றினை அச்சிமிழ்களிற் காண்கிறோம். அச்சான்றை நமக்கு அளித்தது திட்டமிட்ட பல்கலைக்கழக அகழாய்வன்று. பொழுதுபோக்காகக் கருவி பிடித்த ஒருவரின் பொறுப்புணர்வே ஆகும்.

மெட்டல் டிடெக்டர் என்று வழக்கில் வழங்கும் இக்கருவியைக் கொண்டு பழங்காசு தேடும் பழக்கம் இங்கிலாந்தில் 1970களிலிருந்து பரவலாக வளர்ந்தது. அது எவ்வாறு இயங்குகிறது, புதிதாகத் தொடங்குபவர் எவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும், சட்டம் எங்கே குறுக்கிடுகிறது ஆகியவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். மேற்படிப்புக்காக அந்நாட்டுக்குச் செல்லும் நம் மாணவருள் சிலர் இதில் ஆர்வம் காட்டுவதை நாம் அறிவோம். இதனினும் முதன்மையான காரணம் வேறொன்று. சங்ககால அரசர் வெளியிட்ட காசுகள் எனப் போற்றப்படுபவற்றுள் பெரும்பாலானவை எவ்வாறு நம் கைக்கு வந்தன என்னும் கேள்வியோடு இப்பொருள் நேரடித் தொடர்புடையது.

கருவியின் இயல்பு

உலோகங்காட்டி என்பது நீண்ட கைத்தடியின் நுனியில் வட்டமான தட்டொன்றைக் கொண்ட கருவி. தட்டினுள் இரு கம்பிச்சுருள்கள் உள்ளன. ஒன்றில் மாறுமின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கும். அப்புலம் மண்ணுள் இறங்கும்போது அங்குள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்பும். அம்மின்னோட்டங்கள் தமக்கெனச் சிறிய காந்தப்புலமொன்றை உண்டாக்க, அதனை இரண்டாவது சுருள் வாங்கிக் காதொலிப்பானில் ஒலியாக மாற்றித் தரும். அனுப்பிய அலைக்கும் திரும்பிய அலைக்கும் இடையிலுள்ள காலப் பிறழ்வு உலோகத்தின் மின்கடத்துந் திறனைப் பொறுத்து மாறுபடும். இதனைக் கொண்டே இரும்பு, வெள்ளி, செம்பு என ஒருவாறு பிரித்தறிய முடிகிறது.

ஒருவாறு என்று நாம் கூறுவதற்குக் காரணமுண்டு. கருவியின் திரையில் தோன்றும் எண் உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. அளவு, வடிவம், கிடக்கும் கோணம், ஆழம் ஆகிய யாவும் அவ்வெண்ணைப் பாதிக்கும். மெல்லிய பொன் காசும் குளிர்பானக் குவளையின் இழுப்பு வளையமும் ஏறக்குறைய ஒரே ஒலியைத் தருவதுண்டு. வளையங்களைத் தோண்டிச் சலித்தவர் அவ்வொலியைப் புறக்கணிக்கத் தொடங்கினால், ஒருநாள் பொன்னையும் கடந்து போய்விடுவார். எனவே முதல் ஆண்டில் இரும்பு நீங்கலாக எல்லா ஒலியையும் தோண்டிப் பார்ப்பதே நல்லது. காதைப் பழக்குவதற்கு அதைவிடச் சிறந்த வழியில்லை.

மண்ணின் இயல்பும் கருத வேண்டியது. மண்ணிலுள்ள இரும்புத் தாதுக்களே கருவிக்குப் பொய்யொலி தரும். அதனை நீக்க, வேலையைத் தொடங்குமுன் தட்டினை வெற்று நிலத்தின்மேல் ஏற்றியிறக்கி மண்ணுக்கேற்பச் சமன்செய்துகொள்ளுதல் வேண்டும். மலேசியாவின் செம்புரை மண்ணில் இச்சிக்கல் இங்கிலாந்தைவிடப் பன்மடங்கு மிகுதி. உப்புநீர் ஊறிய கடற்கரை மணலுக்கு வேறு வகைக் கருவி உண்டு. விட்டுவிட்டு மின்துடிப்புகளை அனுப்பும் அது ஆழம் மிகுதியாகக் காணும், ஆனால் உலோகங்களைப் பிரித்துச் சொல்வதில் பின்தங்கும். நடுத்தர விலையுள்ள கருவியொன்று தனிக்காசினை 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழம்வரை காட்டும். விளம்பரங்கள் கூறும் ஆழங்களை நம்ப வேண்டியதில்லை.

எங்குத் தேடலாம்

பழங்காசு வேண்டுமெனில் பழமையான இடத்துக்குச் செல்ல வேண்டும் என்பதே தொடங்குபவர் மனத்தில் எழும் முதல் எண்ணம். கோட்டை, உரோமானியர் குடியிருப்பு, பாழடைந்த துறவியர் மடம் ஆகியவற்றை நோக்கிக் கால்கள் செல்லும். அவ்வாறு செல்வது இங்கிலாந்தில் குற்றமாக முடியும். 1979ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள், தொல்லியற் பகுதிகள் சட்டம், பட்டியலிடப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் எழுத்துமூல இசைவின்றி உலோகங்காட்டியைப் பயன்படுத்துவதையே தடை செய்கிறது. தோண்டினால்தான் குற்றம் என்பதன்று. கருவியை இயக்கினாலே குற்றம். இங்கிலாந்தில் இத்தகைய சின்னங்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. அவற்றுட் பல, கண்ணுக்கு வெறும் புல்வெளியாகத் தோன்றுபவை. ஆகவே வயலில் இறங்குமுன் அரசின் மரபுச் சின்னப் பட்டியலையும் அதன் வரைபடத்தையும் பார்த்துவிட வேண்டும். போரில் வீழ்ந்த வானூர்திகள் கிடக்கும் இடங்களும் 1986ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தால் காக்கப்படுகின்றன.

எனவே இத்தேடலுக்கு உரிய களம் உழவு நிலமே. இங்கு மறுக்கவியலாத ஒரு நியாயம் உண்டு. உழுத மேல்மண்ணில் கிடக்கும் காசு தன் பழைய மண்ணடுக்கினை ஏற்கெனவே இழந்தது. ஒவ்வோர் உழவிலும் அது புரட்டப்படுகிறது, இயந்திரத்தால் வெட்டுப்படுகிறது, வேதியுரத்தால் அரிக்கப்படுகிறது. அதனை எடுத்துப் பதிவு செய்வது ஒருவகையில் மீட்பே ஆகும். உழவுக்கு உட்படாத பழைய மேய்ச்சல் நிலத்தின் நிலை வேறு. அங்கே அடுக்குகள் கலையாமல் இருக்கக்கூடும். இவ்வேறுபாட்டினை உணராத தேடுநர் எத்துணை நல்ல கருவி வைத்திருப்பினும் பயனில்லை.

எல்லா நிலத்துக்கும் உடையவர் ஒருவர் உண்டு. பொதுப்பூங்காவுக்கும் கடற்கரைக்குங்கூட உண்டு. அவருடைய இசைவை எழுத்தில் பெறுவதும், கிடைப்பதை எவ்வாறு பகிர்வது என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்வதும் வழக்கம். பெரும்பாலும் பாதிக்குப் பாதி என்பதே ஒப்பந்தம். நிலத்தைக் குத்தகைக்கு உழுபவரின் வாய்ச்சொல் போதாது. உரிமையாளரின் ஒப்புதலும் வேண்டும். விதைப்பு முடிந்தபின் வயலில் நடப்பதற்கு எந்த உழவரும் விரும்பமாட்டார். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடைப்பட்ட சில வாரங்களே நல்ல காலம்.

தோண்டுதலும் குறித்தலும்

ஒலி கிடைத்த இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகத் துழாவிப் புள்ளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். புல் நிலமாயின் மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கம் கீல்போல் நிற்க, புற்கட்டியைப் புரட்டுதல் முறை. அவ்வாறு செய்தால் மூடியபின் புல் காயாது. தோண்டிய குழியை மூடாமற் செல்பவர் மறுமுறை அந்நிலத்துக்கு அழைக்கப்படமாட்டார். கிடைக்கும் குப்பையையும் எடுத்துச் செல்லுதல் வேண்டும். குப்பையே மிகுதி என்பதையும் தொடங்குபவர் அறிந்திருத்தல் நலம்: துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடி, பொத்தான், ஈயத்துண்டு, ஆணி, தேய்ந்த அரைப்பென்னி. ஒரு நாள் முழுவதும் நடந்து ஓர் உரோமானியக் காசு கிடைத்தால் அது நல்ல நாள். அக்காசும் பெரும்பாலும் நகத்தளவே உள்ளதாய், முகம் தேய்ந்த மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டுச் செப்புக்காசாக இருக்கும்.

காசு கையில் வந்ததும் தோன்றும் ஆசை, அதனைத் தேய்த்து முகத்தைப் பார்ப்பது. இவ்வாசையால் அழிந்த காசுகள் உழவால் அழிந்தவற்றுக்குக் குறைந்தவையல்ல. செப்புக்காசின் மேற்பரப்பில் நூற்றாண்டுகளாகப் படிந்த பசும்படலத்தில்தான் எழுத்தும் உருவமும் பல வேளைகளில் தங்கியிருக்கும். அதனை உரித்தால் உள்ளே வெறும் செம்பே எஞ்சும். புளியும் சாம்பலும் இட்டுப் பித்தளைப் பாத்திரம் துலக்கும் பழக்கமுடைய நம்மவர்க்கு இதனைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியுள்ளது. ஈரமண் ஒட்டியிருந்தால் ஒட்டியபடியே உலரவிட்டு, தனிப்பையிலிட்டு, வல்லுநரிடம் காட்டுவதே முறை.

காசைவிட முதன்மையானது அது கிடைத்த இடம். நாட்டு வரைபடக் கட்டத்தின் எட்டு இலக்க எண் ஓரிடத்தைப் பத்து மீட்டருக்குள்ளும், பத்து இலக்க எண் ஒரு மீட்டருக்குள்ளும் சுட்டும். கையடக்கக் கருவி ஒன்றாலேயே இதனைக் கண நேரத்தில் குறிக்கலாம். பையின்மேல் அவ்வெண்ணும் நாளும் ஆழமும் எழுதப்பட வேண்டும். மாலையில் வீடு திரும்பி நினைவிலிருந்து எழுதுவோம் என்பது நடவாது.

இவ்வாறு குறிக்கப்பட்டவற்றைப் பதிவு செய்வதற்காக 1997இல் தொடங்கப்பட்டதே பெயர்வுறு தொல்பொருள் திட்டம் எனத் தமிழிற் குறிக்கத்தக்க அமைப்பு. முதலில் சில மாவட்டங்களில் சோதனையாக இயங்கிய அது 2003இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் விரிந்தது. மாவட்டந்தோறும் தொடர்பு அலுவலர் ஒருவர் இருப்பார். தேடுநர் தாம் கண்டெடுத்ததை அவரிடம் காட்டினால், அவர் இனங்கண்டு, படமெடுத்து, அளந்து, பதிவு செய்து, பொருளை உரியவரிடமே திருப்பித் தருவார். கட்டாயம் ஏதுமில்லை. ஆயினும் 2020ஆம் ஆண்டளவில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருந்தன. எவரும் விலைகொடுத்து வாங்காத தேய்ந்த காசுகளே இங்குப் பெருஞ்செல்வம் ஆயின. நாணயவியலார் ரிச்சர்ட் ரீஸ் உரோமானியர் காலத்தை 21 காலப்பகுதிகளாகப் பிரித்து, ஓரிடத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனைக் காசு விழுந்துள்ளது எனக் கணக்கிட்டு இடங்களை ஒப்பிடும் முறையை வகுத்தவர். அம்முறைக்கு அழகிய காசு வேண்டுவதில்லை. எண்ணிக்கையும் இடமுமே வேண்டும். நகரம் எது, படைமுகாம் எது, சிற்றூர் எது என்பதை அவ்வரிசையே காட்டிவிடும்.

புதையற் சட்டம்

பழைய வழக்காற்றுச் சட்டப்படி, ஒருவர் மீட்டெடுக்கும் எண்ணத்துடன் மறைத்து வைத்த பொன், வெள்ளி மட்டுமே புதையல். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவரின் எண்ணத்தை நீதிமன்றத்தில் எவ்வாறு மெய்ப்பிப்பது? 1980களின் நடுவில் சரே மாவட்டத்தில் வான்பரோ என்னும் இடத்திலிருந்த உரோமானியர் காலக் கோவிற்களம் இரவுக் கொள்ளையருக்கு இரையாகி ஆயிரக்கணக்கான காசுகள் சிதறிப்போனபோது இச்சட்டத்தின் போதாமை வெளிப்பட்டது. அதன் விளைவாக எழுந்த கிளர்ச்சியே 1996ஆம் ஆண்டின் புதையற் சட்டத்துக்கு வழிவகுத்தது எனலாம். அது 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்டதும் நூற்றுக்குப் பத்துப் பங்காவது பொன்னோ வெள்ளியோ கொண்டதுமான பொருள் புதையல் ஆகும். காசுக்குத் தனி விதி உண்டு. ஒரே இடத்து வைப்பினைச் சேர்ந்த இரண்டு காசுகளாவது இருக்க வேண்டும். அவற்றில் பொன் வெள்ளி அவ்வளவு இல்லையெனில் பத்துக் காசுகளாவது இருக்க வேண்டும். தனியே கிடைத்த காசு பொதுவாகப் புதையல் ஆகாது. கண்டெடுத்தவர் 14 நாளுக்குள் அம்மாவட்டக் கொரோனரிடம் அறிவிக்க வேண்டும். ஐயத்துக்குரிய இறப்புகளை விசாரிக்கும் அதே அலுவலரே புதையலையும் விசாரிப்பது அந்நாட்டின் பழைய மரபு. அருங்காட்சியகம் ஒன்று அதனை விரும்பினால் தனிக்குழு சந்தை விலையை மதிப்பிடும். அத்தொகை கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பொதுவாகச் சமமாகப் பகிரப்படும்.

இச்சட்டத்திலும் ஓட்டை இருந்தது. 2010இல் கம்பிரியா மாவட்டத்துக் குரோஸ்பி காரெட்டில் உரோமானியக் குதிரைவீரரின் முகமூடியுடன் கூடிய வெண்கலத் தலைக்கவசம் கிடைத்தது. அது தனிப்பொருள், பொன்னுமன்று வெள்ளியுமன்று. ஆதலால் சட்டப்படி புதையல் ஆகவில்லை. ஏலத்தில் 20 இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோய்த் தனியார் கையிற் சேர்ந்தது. பதின்மூன்று ஆண்டு கழித்து, 2023 ஜூலையில்தான், 200 ஆண்டுக்கு மேற்பட்டதும் தனிச்சிறப்பு வாய்ந்ததுமான பொருள் எவ்வுலோகத்தால் ஆனதாயினும் புதையலாகக் கருதப்படும் எனச் சட்டம் விரிவுபடுத்தப்பட்டது.

இவ்வளவும் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரியவை. ஸ்காட்லாந்தில் கண்டெடுக்கும் தொல்பொருள் யாவும் முடியரசுக்கே உரியவை. அயர்லாந்துக் குடியரசில் 1987 முதல் இசைவின்றித் தொல்பொருள் தேடக் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். ஒரு கடல் தாண்டினால் பொழுதுபோக்கு குற்றமாகிவிடுகிறது.

ஃபுரூம் பானை

2010 ஏப்ரலில் சாமர்செட் மாவட்டத்து ஃபுரூம் என்னும் ஊருக்கருகே டேவ் கிரிஸ்ப் என்பவர் வயலில் தேடியபோது, ஒலி வந்த இடத்தில் ஒரு பானையின் வாயும் அதனுள் காசுகளும் தென்பட்டன. அவர் அப்போதே குழியை மூடிவிட்டு அலுவலருக்குச் செய்தி அனுப்பினார். தொல்லியலார் பானையினுள் இருந்த காசுகளை அள்ளிக் கொட்டாமல் அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனிப் பையிட்டு எடுத்தனர். எண்ணி முடித்தபோது 52,503 காசுகள் இருந்தன. எடை ஏறத்தாழ 160 கிலோகிராம்.

அடுக்காக எடுத்ததால் என்ன விளைந்தது? ஒருவர் ஆண்டுதோறும் சிறுகச் சிறுகச் சேமித்த உண்டியல் இதுவாயின், பழைய காசு அடியிலும் புதிய காசு மேலும் இருத்தல் வேண்டும். ஆனால் தொகுதியில் காலத்தால் பிந்திய காசுகளான, 286 முதல் 293 வரை பிரித்தானியாவைத் தனியே ஆண்ட கரௌசியசின் காசுகளுட் பெரும்பாலானவை பானையின் நடுவுக்குக் கீழே கிடந்தன. எனவே பானை பல ஆண்டுகளாக நிரம்பியதன்று. ஏறக்குறைய ஒரே காலத்தில் நிரப்பப்பட்டது. மெல்லிய சுவருடைய அப்பானை அவ்வளவு எடையைத் தாங்கித் தூக்கப்பட்டிருக்கவும் முடியாது. முதலில் பானையைப் புதைத்து, பின்னரே காசுகளைக் கொட்டியிருக்கின்றனர். உடைக்காமல் திரும்ப எடுக்க இயலாதவாறு புதைத்தவர், திரும்ப எடுக்கும் எண்ணம் உடையவர்தாமா? ஊரார் கூடித் தெய்வத்துக்கு அளித்த காணிக்கையாக இருக்கலாம் என ஆய்வாளர் கருதுவதற்கு இதுவே காரணம். கிரிஸ்ப் ஆர்வமிகுதியால் கைநிறைய அள்ளியிருப்பாரேயானால் 52,503 காசுகளும் இருந்திருக்கும். இவ்வினாவோ எழுந்தே இராது.

இதற்கு மாறான நிகழ்ச்சி 2015இல் ஹெரிபோர்டுசயர் மாவட்டத்து லெம்ஸ்டர் அருகே நடந்தது. கண்டெடுத்த இருவர் அறிவிக்காமல் மறைத்தனர். கி.பி. 879ஐ ஒட்டிப் புதைக்கப்பட்ட அவ்வைக்கிங் காலத் தொகுதியில் 300 அளவில் காசுகள் இருந்திருக்கலாம் என்பது, அழிக்கப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்ட கைப்பேசிப் படங்களால் தெரியவந்தது. 2019ஆம் ஆண்டின் வழக்கு விசாரணையளவில் கைப்பற்றப்பட்டவை 31 மட்டுமே. அவற்றுட் சில, வெசெக்ஸ் நாட்டு ஆல்பிரடும் மெர்சியா நாட்டு இரண்டாம் செயல்வுல்பும் இணைந்து வெளியிட்ட வகையின. பிற்கால ஆவணங்கள் செயல்வுல்பை வைக்கிங்குகளின் கைப்பாவையெனப் பழித்து ஒதுக்கின. காசுகளோ அவரை ஆல்பிரடுக்கு நிகரான நட்பரசராகக் காட்டுகின்றன. வென்றவர் எழுதிய வரலாற்றைத் திருத்தவல்ல சான்றின் பெரும்பகுதி இவ்வாறு சந்தையில் கரைந்தது. இருவருக்கும் பத்து ஆண்டும் எட்டரை ஆண்டும் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அக்காலம் குறைக்கப்பட்டது. முறையாக அறிவித்திருந்தால் பெருந்தொகையில் பங்கு அவர்களுக்குச் சட்டப்படியே கிடைத்திருக்கும்.

அமராவதி ஆற்றுக் காசுகள்

இனி நம் பக்கம் திரும்புவோம். கரூரை ஒட்டி ஓடும் அமராவதி ஆற்றின் மணலைச் சல்லடையிட்டு அரித்து, அதில் கிடைக்கும் பழங்காசுகளை வணிகர்க்கு விற்றுப் பிழைத்தவர் பலர். அவர்கள் கருவியேதும் அறியாதவர். கையும் சல்லடையும் கண்ணுமே அவர்தம் முதலீடு. மாக்கோதை, கொல்லிப்பொறை, கொல்லிரும்பொறை எனத் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த சேரர் காசுகளும் உரோமானியச் சிறு செப்புக்காசுகளும் அவ்வாற்றிலிருந்தே பெரும்பாலும் வந்தன. 1980களிலிருந்து இரா. கிருஷ்ணமூர்த்தி முதலிய நாணயவியலார் அவற்றைத் தேடி வாங்கிப் படித்து வெளியிட்டிராவிட்டால், அவை உருக்குச் சட்டிக்குப் போயிருக்கும். சங்க அரசர் காசு வெளியிட்டனரா என்று ஐயுற்ற காலம் மாறியது இவ்வறிஞர்களின் உழைப்பால்தான். இதனை நாம் குறைத்துக் கூறவில்லை.

ஆயினும், அக்காசுகளின் காலத்தை எதனைக் கொண்டு உறுதி செய்வது? ஆற்று மணலுக்கு அடுக்கு இல்லை. மாக்கோதை உருவம் பொறித்த வெள்ளிக் காசின் முகம் உரோமானியக் காசின் சாயலைக் கொண்டுள்ளது என்கிறோம். எழுத்தின் வடிவத்தைக் கொண்டு நூற்றாண்டு கணிக்கிறோம். எழுத்தின் காலத்தைக் கணிக்கவும் காசினையே ஓரளவு துணைகொள்கிறோம். அக்காசின் அருகே எவ்வகைப் பானையோடு கிடந்தது, எந்தப் பேரரசரின் காசு அதனோடு சேர்ந்திருந்தது என்பன தெரிந்திருந்தால் இவ்வட்டத்திலிருந்து வெளிவந்திருக்கலாம். சல்லடையிலிருந்து வணிகர் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து சேகரிப்பாளர் பேழைக்கும் சென்ற காசு ஊர்ப்பெயரைக்கூடச் சில வேளை வழியிலேயே இழந்துவிடுகிறது. விலை கூடும் என்பதற்காக வேறிடத்துக் காசினைக் கரூர்க் காசு என்று விற்பதும் வணிகத்தில் நடக்கக்கூடியதே. கரூருக்கு அண்மையிலுள்ள புகழூர்ப் பாறைக் கல்வெட்டினை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். சேரர் மூன்று தலைமுறையினரைக் குறிக்கும் அக்கல்வெட்டு வெட்டிய இடத்திலேயே இருக்கிறது. எவரும் சென்று மீண்டும் பார்க்கலாம். கேரளத்துப் பட்டணத்தில் 2007 முதல் நடைபெற்ற அகழாய்வில் மண்ணடுக்கோடு கிடைத்த சேரர் செப்புக்காசுகள் எண்ணிக்கையில் குறைவாயினும் ஆய்வாளர்க்கு ஏன் அத்துணை அருமையானவை என்பதும் இதனாற் புலப்படும்.

இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையற் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையது எதுவும் மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. அன்று பத்து ரூபாய் என்பது பெருந்தொகை. சட்டம் கடுமையாகவே இருக்கிறது. ஆனால் கண்டெடுத்த ஏழை நம்பிக்கையுடன் சென்று காட்டுவதற்கு மாவட்டந்தோறும் ஓர் அலுவலர் இல்லை. இங்கிலாந்துத் திட்டத்தின் வெற்றி கருவியிலோ தண்டனையிலோ இல்லை, காசினைத் திருப்பித் தருவார் என்ற நம்பிக்கையோடு கதவைத் தட்டத்தக்க அந்த ஓர் அலுவலரிடமே இருக்கிறது என்பது நம் துணிபு. அதேவேளை, அந்நாட்டு முறையை அப்படியே இறக்குமதி செய்யலாம் என்பாரோடு நாம் உடன்படவில்லை. ஆழ உழுத பரந்த வயல்களுக்கு வகுத்த முறை, மேட்டின்மேல் ஊரும் ஊரின்மேல் கோவிலுமாக அடுக்கடுக்காய் மக்கள் வாழும் தமிழ்நாட்டு மண்ணுக்குப் பொருந்தாது.

மலேசியாவைப் பொறுத்தவரை, 1957ஆம் ஆண்டின் புதையற் சட்டத்துக்கும் 1976ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்துக்கும் மாற்றாக 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம் வந்துள்ளது. பண்பாட்டுச் சிறப்புடையதாகக் கருதத்தக்க பொருளைக் கண்டவர் மரபு ஆணையரிடமோ மாவட்ட அலுவலரிடமோ அறிவிக்க வேண்டும். அத்தகைய பொருளைத் தேடி அகழ்வதற்கு உரிமம் வேண்டும். எனவே பூஜாங் பள்ளத்தாக்கிலோ மலாக்காக் கோட்டையின் எச்சங்களிடையிலோ கருவியும் மண்வெட்டியுமாக இறங்குவதற்கு மாணவர் எவரும் எண்ண வேண்டா. 1900ஐ ஒட்டி மலாக்கா ஆற்றின் முகத்துவாரத்தில் கிடைத்த போர்த்துகீசியர் காலத்து வெள்ளீயக் காசுகளைச் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்துக் ஹானிட்ஷ் 1903இல் ஆய்ந்து எழுதினார். அவையும் ஆறு தந்தவையே. அவற்றுக்கும் அடுக்கு இல்லை. ஆனால் கிடைத்த இடமும் காலமும் உடனே எழுதப்பட்டதால் இன்றும் அவற்றை மேற்கோளாகக் கொள்ள முடிகிறது.

நம் வீடுகளில் பாட்டனார் கப்பலில் கொண்டுவந்த பழங்காசுகள் சில, மஞ்சள் துணியில் முடிந்து பூசையறைப் பெட்டியில் கிடப்பதுண்டு. அவற்றைத் தேட எக்கருவியும் வேண்டா. யார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டளவில் கொண்டுவந்தனர் என்பதை வீட்டு முதியவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அம்முடிச்சோடு வைத்து, காசினைத் துலக்காமல் படமெடுத்து, துறைக்கு அனுப்பும் மாணவர்க்குக் காசினை இனங்கண்டு சொல்ல நாம் அணியமாயிருக்கிறோம்.